ஒன்றுமில்லாத சூடு

என் சித்தி பவளக்கொடிக்கு, மூக்குப்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியில், மூன்று வருடங்களில் பதினொரு தடவை, டாக்டர் புருஷோத்தமன் என்பவரால், 'ஒன்றுமில்லை' என்ற ஒற்றைச் சொல் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. பதினொரு தடவையும் அவர் அவள் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்தார், பதினொரு தடவையும் அது நார்மல் என்று காட்டியது, பதினொரு தடவையில் ஒரு தடவைகூட அவர் தன் கையை நீட்டி, வலிக்கிறது என்று அவள் காட்டிய இடத்தில், தொப்புளுக்கு வலப்பக்கம் நாலு விரல் கீழே, வைத்துப் பார்க்கவில்லை. அநியாயம் யாருக்கு நடந்தது, யார் செய்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரில் இந்தக் கதையை இப்போது இட்லியில் இருந்து தொடங்குகிறார்கள், இட்லியில் இருந்து தொடங்கினால் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, சிரிப்பு வந்த பிறகு யார் மேலும் கோபம் வருவதில்லை.

ஆனால் இட்லியைச் சொல்லாமலும் முடியாது.

மூக்குப்பாறையில் மாவு புளிக்காது. கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தத் துக்கம் விளங்காது. வருடத்தில் எட்டு மாதம் மூடுபனி இறங்கிக் கிடக்கிற மலை அது. சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு மறுநாள் காலையிலும் அதே மாவாக, ஒரு குமிழி விடாமல், உம்மென்று உட்கார்ந்திருக்கும். கம்பளியில் சுற்றுவார்கள், அரிசி மூட்டைக்குள் புதைப்பார்கள், அடுப்பங்கரையில் சாம்பல் ஆறுவதற்குள் கொண்டுபோய் வைப்பார்கள், அப்படியும் இட்லி ஊற்றினால் எடுத்து எறிந்து பன்றி விரட்டலாம் போல வரும். முன்பெல்லாம் ஃபேக்டரி ஷிப்டுக்குப் போகிற ஆண்கள் தூக்குவாளியில் மாவை எடுத்துப்போய், தேயிலையைக் காயவைக்கிற ட்ரையர் பக்கத்தில் வைத்துப் புளிக்கவைத்துக் கொண்டுவருவார்கள், அந்த இட்லியில் டீத்தூள் வாசம் அடிக்கும், அதையும் தின்றுகொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் ஒரு வாளி பொங்கி ட்ரையருக்குள் வழிந்து, அன்றைய தூள் முழுக்கப் புளித்துப்போனதில், மேனேஜர் துரை நோட்டீஸ் ஒட்டி அதையும் நிறுத்திவிட்டார்.

அந்த நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில்தான் சித்தி முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே செடிக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் தெர்மாமீட்டர் வைத்தார், ஒன்றுமில்லை என்றார், கம்பவுண்டர் லாசர் வெள்ளை மாத்திரை நாலு எண்ணிக் கொடுத்தார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டுக்குத் திரும்பி வந்து கட்டிலில் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தவளைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக் குருவம்மா வந்தாள். ஆட்டி முடித்த மாவுப் பாத்திரம் அவள் கையிலேயே இருந்தது. தரை ஈரமாக இருந்ததால் அதைச் சித்தியின் வயிற்றுக்குப் பக்கத்தில், கட்டிலிலேயே வைத்தாள்.

"என்ன சொன்னாரு டாக்டரய்யா?"

"ஒண்ணுமில்லையாம்க்கா."

"நல்ல சேதிதானே? அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லாதது ஏன்க்கா இப்படி வலிக்குது?"

அதற்குக் குருவம்மா தன் மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அதை அவள் சொல்லி முடிப்பதற்குள் பாத்திரத்தின் மூடி தானாக எழும்பி, ஒரு பக்கம் சரிந்து, டங்கென்று தரையில் விழுந்தது. மாவு வாய் வரைக்கும் பொங்கி நுரைத்து நின்றது. குருவம்மா மாவைப் பார்த்தாள், சித்தியின் வயிற்றைப் பார்த்தாள், சேலைக்கு மேலேயே கையை வைத்தாள், சுட்ட கையை உதறிக்கொண்டு மறுபடியும் மாவைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னதை, சித்தி வாயால் கேட்டதுதான் என்றாலும், நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன்.

"அடியே பவளம், இவ்ளோ நல்ல காரியத்துக்குப் போயா அழுவுற?"

யாரும் வாயைப் பிளக்கவில்லை. பனியில் ஆறு மாதம் துணி காயாத ஊரில் ஒரு சூடு கிடைத்தால் அது எங்கிருந்து வருகிறது என்று யார் ஆராய்ச்சி செய்வார்கள்? முதல் வாரம் முதல் லைன் பாத்திரங்கள் வந்தன, இரண்டாம் வாரம் மூன்று லைன் பாத்திரங்களும் வந்தன, மாறிப்போகாமல் இருக்க மூடிகளில் சாக்பீஸால் பேர் எழுதினார்கள், கட்டிலின் வலப்பக்கம் இட்லி மாவுக்கு, கால்மாடு தோசை மாவுக்கு, சற்றுத் தள்ளிக் கேப்பை மாவுக்கு என்று இடம் பிரித்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கோயில்பிள்ளை வீட்டிலிருந்து ஆப்ப மாவு வந்தது, நோன்பு முடிந்த பெருநாளைக்கு டீக்கடை இப்ராகிம் பாய் வீட்டிலிருந்து ஒரு குண்டானே வந்தது. சீமந்தம், சடங்கு, இழவு வீட்டுப் பதினாறாம் நாள் எதுவானாலும் முதல் சேதி சித்திக்குத்தான். அவள் வேலை முடிந்து வந்து கூடையை இறக்கிக் கால் கழுவுவதற்குள் வாசலில் பாத்திரங்கள் வரிசை கட்டி நிற்கும், அவள் போய்ப் படுத்துக்கொள்வாள், அவளைச் சுற்றி அடுக்குவார்கள், முனகினால் போர்வையை இழுத்து மூடுவார்கள், அவளுக்குக் குளிரக்கூடாது என்றல்ல, மாவுக்கு.

சீக்கிரமே அவர்கள் வலிக்குக் கணக்குப் பிடித்துவிட்டார்கள். லேசாக வலித்தால் தோசைக்கு ஆகும், பல்லைக் கடித்தால் இட்லிக்கு ஆகும், மாசத்தில் அந்த இரண்டாம் நாள் வந்து சித்தி சுவரைப் பிறாண்டினால் ஆப்பத்துக்கு ஆகும். நல்ல நாள், விசேஷ நாள் எல்லாம் அதைப் பார்த்தே குறித்தார்கள். என்றாவது ஒரு நாள் வலி குறைந்து அவள் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரினால், வாசலில் வந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கு உனக்கு வலி இல்லையா பவளம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தை என் காதால் கேட்டிருக்கிறேன். மாரியம்மன் கோயில் பொங்கலில் பூசாரி, "பவளக்கொடி வயிறு என்னைக்கும் இப்படியே இருக்கணும் தாயே" என்று வேண்டினார். எல்லோரும் கும்பிட்டார்கள். சித்தியும் கும்பிட்டாள், அவளுக்கு வேறு வழியில்லை, கூட்டத்துக்கு நடுவில் இருந்தாள்.

நான் அப்போது கீழே யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் இதைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்தது என்பது உண்மை, இட்லி பூ மாதிரி இருந்தது என்பதும் உண்மை.

பாத்திரங்களில் ஒன்றுக்கு மட்டும் சாக்பீஸ் பேர் கிடையாது. நீல மூடி போட்ட டப்பா. அதை டாக்டர் பங்களாவில் சமைக்கிற சீனியம்மா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருவாள்.

"யாருட்டயும் சொல்லிராத தாயி. எல்லாம் என் கைப்பக்குவம்னு நெனச்சிட்டு இருக்காரு மனுசன். காலைல ஆறு இட்லி எறங்குனாத்தான் ஆஸ்பத்திரிக்கே கெளம்புறாரு."

"ஏன் சித்தி அந்த டப்பாவ உள்ள விட்ட? தூக்கி வெளிய எறிய வேண்டியதுதானே?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி சொன்னாள்: "அதுவாச்சும் போயிச் சொல்லட்டும்னுதான் புள்ள."

இதற்கிடையில் அவள் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'நீ ஏன் வேறு எங்கும் காட்டவில்லை' என்று கேட்பதற்கு எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வேண்டுமானால் எஸ்டேட் டாக்டர் மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுத வேண்டும், சீட்டு இல்லாமல் போனால் லீவு கிடையாது, லீவு இல்லாமல் மூன்று நாள் போனால் வேலைப் பதிவிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள், பேர் போனால் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஒரு துண்டுச் சீட்டுதான். ஒன்பது தடவை கேட்டு அது கிடைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறி அடிவாரத்துக்குப் போய், அப்பாவு என்ற சித்த வைத்தியரைப் பார்த்தாள். அவர் கால் மணி நேரம் நாடி பிடித்தார். என்ன சாப்பிடுகிறாய், எந்த நாளில் கூடுகிறது, எந்தப் பக்கம் படுத்தால் குறைகிறது, பிள்ளை உண்டா, உண்டாக வேண்டும் என்று ஆசை உண்டா என்று கேட்டார். ஆசை உண்டு என்று சொல்லும்போது சித்தி அழுதுவிட்டாளாம், கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவளிடம் யாரும் அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை, குறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுக்கு மேலே கையைக் கொண்டுபோனவர் ஒரு சாண் தூரத்திலேயே கையை இழுத்துக்கொண்டார்.

"இது என் பொட்டில இருக்க மருந்துக்கு அடங்காது தாயி. உள்ள பாக்கணும். மொதல்ல ஸ்கேன் எடு. வலிக்குச் சூரணம் தர்றேன், ஆனா இதையே நம்பிட்டு உக்காந்துறாத."

தன் கடைச் சீட்டில் நாலு வரி எழுதியும் கொடுத்தார். நான் அந்த வைத்தியருக்கு வக்காலத்து வாங்கவில்லை. சூரணத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் தனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினோராம் தடவை சித்தியோடு நானும் போனேன். கையில் அந்தக் கடிதம் இருந்தது. டாக்டர் புருஷோத்தமன் அதை இரண்டு விரலால் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, லாசரைக் கூப்பிட்டு, "இங்க பாருய்யா, வேரு விக்கிறவன் எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றான்" என்று சிரித்தார். லாசர் சிரிக்க வேண்டியிருந்ததால் சிரித்தார்.

"அவரு நாடி புடிச்சு, வயித்துக்கிட்ட கையக் கொண்டுபோயிப் பாத்தாரு சார். நீங்க இதுவரைக்கும் தொட்டுப் பாக்கலையே" என்றேன் நான்.

"நீ யாரும்மா?"

"அக்கா மக. செங்கொடி."

"பேரே சொல்லுதே. என்ன படிக்கிற?"

"எம்.ஏ. தத்துவம்."

"அது வேறயா." சித்தியின் நாக்குக்கு அடியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து விளக்கில் பார்த்தார். "நார்மல். மூணு வருஷமா நார்மல். இந்தாம்மா பவளக்கொடி, பிள்ள இல்லாத பொம்பளைங்களுக்கு இப்படி ஏதாச்சும் ஒண்ணு இருந்துட்டேதான் இருக்கும். மனசுதான் காரணம். கோயிலுக்குப் போ, டிவி பாரு. இல்ல, அந்த வேர்க்காரன்கிட்டயே போய் வேப்பெல அடிச்சுக்க. சீட்டெல்லாம் எழுத முடியாது. அடுத்து யாரு?"

நூறு பேர் வருகிற ஆஸ்பத்திரி, அவர் ஒருத்தர் பாவம் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். கேளுங்கள். தொட்டுப் பார்க்க ஐந்து விநாடி போதும். என் சித்தியை அவமானப்படுத்த அவருக்கு மூன்று நிமிடம் இருந்தது, சுவரில் இருந்த கடிகாரத்தில் நானே பார்த்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் பாத்திரங்கள் நின்றன. எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் பாத்திரத்தைக் காலால் எட்டித் தள்ளினேன், அது குருவம்மாவுடையது.

"ஒரு பொம்பள உள்ள கெடந்து வேகுறா. நீங்க அவ மேல அடுப்பு மூட்டிக் குளிர் காயுறீங்க. அவருக்குத்தான் கண்ணு இல்ல, உங்களுக்கு?"

குருவம்மா சிந்திய மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டே நிமிர்ந்தாள். "ஏய் காலேஜு. போன தீவாளிக்கு வந்து ஏழு இட்லி தின்னியே, அது எந்த அடுப்புல வெந்துச்சாம்?"

யுனிவர்சிட்டியில் மேடை ஏறினால் ஒருவரையும் பேச விடமாட்டேன் நான். அன்றைக்கு என் வாய்க்குள் அந்த ஏழு இட்லியும் திரும்பி வந்து அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. குருவம்மா கையிலிருந்த மாவைப் பார்த்துக்கொண்டே, "நாங்க என்ன பண்ணுவோம், அவரே ஒண்ணுமில்லன்னுட்டாரு" என்று மெதுவாகச் சொன்னாள். சொன்ன விதத்தைப் பார்த்தால், அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

அப்போது சித்தி வெளியே வந்தாள். நிலைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கெழம எனக்கு ரெண்டாம் நாளு. எல்லாரும் அன்னைக்கு நெறைய ஆட்டுங்க. ஆனா இங்க கொண்டு வராதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ஓ.பி. வராந்தாவில், டாக்டர் அறைக்கு எதிர் பெஞ்சில் சித்தி போய்ப் படுத்தாள். மூன்று லைன் பெண்களும் வந்தார்கள். தூக்குவாளி, குண்டான், போணி, பிளாஸ்டிக் வாளி, சோறு வடிக்கிற பானை என்று நாற்பத்து மூன்று பாத்திரங்களை அவளைச் சுற்றி அடுக்கினார்கள், நாற்பத்து மூன்றாவதாக நீல மூடி டப்பாவை, முந்தானைக்குள் மறைக்காமல், சீனியம்மா கொண்டுவந்து வைத்தாள். யாரும் கோஷம் போடவில்லை. சித்தி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள், மூன்று வருடமாக எங்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று போர்வைக்குள் அடக்கிவைத்திருந்த முனகலை அன்றைக்குத்தான் அடக்காமல் விட்டாள்.

மூடிகள் ஒவ்வொன்றாக எழும்பின. மாவு வாய் தாண்டியது, பெஞ்சின் கால்களைச் சுற்றியது, 'அமைதி காக்கவும்' என்ற போர்டுக்குக் கீழே தேங்கியது, எடை பார்க்கிற மெஷின் மேல் ஏறி முள்ளை எண்பதுக்குத் தள்ளியது, மருந்து கொடுக்கிற ஜன்னலில் எட்டிப் பார்த்தது, பிறகு வெள்ளை வெளேரென்று, நுரைத்து, மெதுவாக, தனக்கு வழி தெரியும் என்பதுபோல டாக்டர் அறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது. உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்த டாக்டர் கணுக்கால் வரைக்கும் மாவில் நின்றார்.

"என்னய்யா லாசர் இது?"

கம்பவுண்டர் லாசர் மேஜை மேல் ஏறி நின்றிருந்தார். பத்தொன்பது வருட சர்வீஸில் அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லையா? மொதல்ல இதத் தொடச்சு எடுக்கச் சொல்லுங்க!"

"ஒண்ணுமில்லாததை எப்படிங்கய்யா தொடைக்கிறது?" என்று கேட்டாள் குருவம்மா.

நீல மூடி மிதந்து வந்து அவர் பூட்ஸில் முட்டி நின்றது. அவர் அதைப் பார்த்தார். சீனியம்மாவைப் பார்த்தார். சீனியம்மா தலையைக் குனியவில்லை.

"எல்லாம் அவ வயித்துச் சூடுதான் அய்யா. மூணு வருசமா. என் கைல ஒரு பக்குவமும் கெடையாது."

அவர் சீட்டு எழுதினார். மனம் இளகி எழுதினார் என்று யாரும் நினைக்க வேண்டாம், பூட்ஸுக்குள் மாவு இறங்கியதால் எழுதினார். 'காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதினார் தெரியுமா? 'நோயாளியின் வற்புறுத்தலின் பேரில்'. அந்தச் சீட்டை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் டாக்டர். வயிற்றில் கை வைத்தவுடன் "அய்யோ, சுடுதேம்மா" என்றார். அதைக் கேட்டுத்தான் சித்தி அன்றைக்கு அழுதாள். பிறகு வந்த எதற்கும் அழவில்லை. சினைப்பையில் பழைய ரத்தம் கட்டிக் கட்டி, பெரிய கொய்யாப்பழம் அளவுக்கு ஒரு கட்டி, சுற்றியிருந்த எல்லாவற்றையும் பிடித்து ஒட்டியிருந்தது. கட்டியோடு சேர்த்து அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று, அடுத்த பக்கமும் முக்கால்வாசி போயிருந்தது. "ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இனிமே குழந்தைங்கிறது கஷ்டம்தான்மா" என்றார் அந்த டாக்டர், சொல்லிவிட்டுச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சித்தி ஊருக்குத் திரும்பிய பிறகு மூக்குப்பாறையில் மாவு மறுபடியும் புளிப்பதில்லை. கம்பளி சுற்றுகிறார்கள், அரிசி மூட்டைக்குள் புதைக்கிறார்கள், இட்லி கல்லாக வருகிறது. குருவம்மா அந்தக் கல்லையே பாலில் ஊறவைத்துத் தின்றுவிட்டு வாயைத் திறப்பதில்லை. ஆனாலும் ஒருத்தி வந்து வாசலில் நின்று, "ஒடம்பு எப்படிருக்கு பவளம்? லேசாக்கூட வலிக்கலையா?" என்று கேட்டாள். அவள் பேரை எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது, சித்திதான் வேண்டாம் என்றாள்.

மறுபடி வேலைக்குச் சேர எஸ்டேட் டாக்டர் கையெழுத்து வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் போனோம். டாக்டர் புருஷோத்தமன் இளைத்திருந்தார். சீனியம்மா வேலையை விட்டு நின்றுவிட்டாள், பங்களாவில் காலையில் ரொட்டிதான் என்று ஊருக்கே தெரியும். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னொரு தடவை புரட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்ததாக லாசர் பிற்பாடு சொன்னார். லாசர் நல்லவர், எதையாவது சொல்வார். நான் பார்த்தது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டதும், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி சித்தியைக் கண்டிப்பாகப் பார்த்ததும்தான்.

"இவ்ளோ பெரிசா இருந்திருக்கு. ஏம்மா, இதை முன்னாடியே வந்து ஒழுங்காச் சொல்லியிருக்கலாம்ல?"

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பதினொரு தேதியும் எனக்கு மனப்பாடம், வரிசையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கை ஜில்லென்று, எங்கள் ஊர்ப் பனியைப்போல, எல்லோர் கையையும்போல இருந்தது.

"சொன்னேனுங்க டாக்டரய்யா. மூணு வருசமா தெனமும் காலைல உங்க தட்டுக்கே வந்து சொன்னேன். நீங்கதான் சட்னி தொட்டுத் தின்னுட்டீங்க."